விரதமும் வைத்தியமும்

குடியை விட்டுவிட வேண்டும் என்ற எண்ணம் முதன்முதலில் எழும்போது, காஞ்சிபுரம் போன்ற கோயில் ஊரில் ஒருவர் நாடிச் செல்வது பெரும்பாலும் தெய்வத்தையே. அம்மன் சந்நிதியில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்வது, பூசாரி மந்திரித்துத் தரும் கயிற்றைக் கையில் கட்டிக்கொள்வது, பெற்ற பிள்ளையின் தலையில் கைவைத்து ஆணையிடுவது, ஆடித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவது, கார்த்திகை முதல் நாள் மாலை அணிந்து சபரிமலைக்கு விரதம் தொடங்குவது என அதற்கு ஏற்கெனவே வகுத்து வைத்த வழிகள் பல உண்டு. மருத்துவமனையின் மனநலப் பிரிவு என்றொரு வழி நினைவுக்கு வருவதற்குள் இவற்றுள் இரண்டு மூன்றையாவது அவர் கடந்து வந்திருப்பார். குடிநோய்ச் சிகிச்சை பற்றிய பேச்சுகளில் இம்முயற்சிகள் மூடநம்பிக்கை என்று ஒதுக்கப்படுகின்றன, அல்லது கணக்கிலேயே சேர்வதில்லை. நோயாளியின் பக்கமிருந்து பார்த்தால் அவையே அவருடைய முதல் சிகிச்சை அனுபவம். பின்னாளில் அவர் மருத்துவரிடம் எந்த மனநிலையில் வருகிறார், எத்தனை நாள் தங்குகிறார், எதனால் வராமல் நின்றுபோகிறார் என்பவற்றை அந்த அனுபவமே பெருமளவு தீர்மானிக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

நிறையக் குடிப்பதும் குடிநோயும் ஒன்றல்ல. பிரிட்டனின் கிரிஃபித் எட்வர்ட்ஸும் அமெரிக்காவின் மில்டன் கிராஸும் 1976இல் விளக்கிய சார்புநிலை என்ற கருத்தே இன்றைய மருத்துவ வரையறைகளுக்கு அடிப்படை: குடிக்க வேண்டுமென்ற அடக்க முடியாத உந்துதல், தொடங்கினால் அளவோடு நிறுத்த முடியாமை, முன்பு போதுமாக இருந்த அளவு போதாமல் போவது, மற்ற எல்லாவற்றையும் குடி பின்னுக்குத் தள்ளுவது, நிறுத்தினால் உடல் எதிர்த்துக் கிளம்புவது. இறுதியில் சொன்னதை நிறுத்தல் அறிகுறிகள் என்பர். கடைசியாகக் குடித்த சில மணி நேரத்திலேயே கை உதறல், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை ஆகியவை தொடங்குகின்றன. முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் இன்னும் சிலருக்கு இடம், காலம், ஆள் தெரியாத மனக்குழப்பமும் இல்லாததைக் காணும் மயக்கமும் தோன்றும். டெலிரியம் ட்ரெமன்ஸ் எனப்படும் இந்நிலையைக் கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். மன உறுதி எவ்வளவு இருந்தாலும் இந்த உடல் மாற்றத்தை அது தடுப்பதில்லை.

இந்த உதறல் ஒரு நெசவாளியின் வாழ்க்கையில் என்ன செய்கிறது என்பதைத் தறிக்கு அருகிலிருந்து பார்த்தால்தான் விளங்கும். காஞ்சிபுரம் பட்டின் பெருமைக்குக் காரணமான கோர்வை என்ற முறையில், உடலுக்கும் கரைக்கும் வெவ்வேறு நிற ஊடைகள் ஓடி, சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும்படி கோக்கப்படுகின்றன. அதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும், நெய்பவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கரையின் நாடாவைத் தள்ளித்தர இன்னோர் ஆளும் வேண்டும். முந்தானைக்கு வேறு நிறப் பாவைச் சேர்க்கும்போதோ, ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாக விரல் நுனியில் முறுக்கி இணைக்க வேண்டியிருக்கிறது. உதறும் கையால் இவ்வேலை நடக்காது. இழை அறும், கோர்வையில் பிசகு விழும், பிசகு விழுந்த சேலைக்குக் கூலியில் பிடித்தம் வரும். ஆகவே குடிநோயில் சிக்கிய நெசவாளி காலையில் குடிப்பது இன்பத்துக்காக இல்லை, கையை நிலைப்படுத்தத்தான். டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத்தான் திறக்கும் என்பதால், முந்தின இரவு வாங்கிய குவார்ட்டரில் ஒரு பங்கைக் காலைக்கென எடுத்துவைக்கும் கட்டாயமும் அவருக்கு உண்டு. 'குடிச்சாத்தான் கை நிக்குது' என்று அவர் சொல்லும்போது வீட்டார் அதைச் சாக்கு என்று கேட்கிறார்கள். மருத்துவத்தின் கண்ணில் அது நோயின் மிகத் துல்லியமான விவரணை.

சிகிச்சைக்குப் போவதைத் தள்ளிப்போட வைப்பதும் இதே தறிதான். நெசவு வீட்டில் மனைவியின் உழைப்பும் தறியோடு பிணைந்தது. நாடா தள்ளுவது, இழை சுற்றுவது, அறுந்ததைப் பிணைப்பது எல்லாம் பெரும்பாலும் அவர் கையில். அரசு மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்த்தால் துணைக்கு ஒருவர் இருக்க வேண்டும், அந்த ஒருவர் மனைவியாகவே இருப்பார். அப்படியானால் ஒருவருடைய நோய்க்காக இருவருடைய கூலி நிற்கிறது. தனியார் முதலாளியிடம் முன்பணம் வாங்கியவருக்கு நிலைமை இன்னும் இறுக்கமானது, ஏனெனில் பாவு இறங்கும்வரை அந்தக் கடன் நகராது. முகூர்த்தக் காலத்திலும் தீபாவளிக்கு முன்பும் சேலையை முடித்துத் தரச்சொல்லி நெருக்கடி, மழைக்காலத்தில் குழித்தறியின் பள்ளத்தில் ஈரம் ஊறி வேலை இல்லாத வறட்சி. எந்த மாதத்திலும் 15 நாள் படுக்கையில் இருக்க நேரம் கிடைப்பதில்லை. திருப்பெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்கு ஒப்பந்தத் தொழிலாளராகப் போகத் தொடங்கிவிட்ட இளைய தலைமுறைக்கு இடையூறு வேறு வகைப்பட்டது: தொடர்ந்து விடுப்பெடுத்தால் வேலை போகும், காரணத்தைச் சொன்னாலும் போகும்.

அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, மதுச் சார்புநிலையில் உள்ளவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றதாகச் சொன்னார்கள்; உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். இந்த எண்களை மறுப்பு மனநிலையால் மட்டும் விளக்கும் வழக்கம் மருத்துவ நூல்களில் உண்டு. நோயாளி தன் நோயை மறுக்கிறார் என்பது பாதி உண்மை. மறுபாதி, ஒப்புக்கொண்டால் அதன்பிறகு வரும் செலவை அவர் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார் என்பது.

எனவே பலர் சிகிச்சைக்குள் நுழைவது வேறொரு வாசல் வழியாக. மஞ்சள் காமாலை, ரத்த வாந்தி, கணைய அழற்சியின் தாங்க முடியாத வயிற்றுவலி, வண்டியில் விழுந்து முறிந்த எலும்பு ஆகியவற்றுக்காகப் பொது வார்டில் சேர்ந்தவருக்கு இரண்டாம் நாள் இரவு கை உதறி, வேர்த்து, சுவரில் பூச்சி ஊர்வதாகக் கத்தத் தொடங்கும்போதுதான் மனநல மருத்துவர் அழைக்கப்படுகிறார். உரிய சிகிச்சை எளிமையானதே: குளோர்டயாசிபாக்சைடு அல்லது லோராசிபாம் போன்ற மருந்தை முதலில் போதிய அளவில் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பது, தயமின் என்ற பி1 உயிர்ச்சத்தை ஊசியாகச் செலுத்துவது. தயமின் தராமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்பட்டு நினைவு நிரந்தரமாகக் குலையும் ஆபத்து உண்டு என்பதால், 'குடிச்சவருக்கு ரெண்டு பாட்டில் ஏத்தி அனுப்பு' என்ற தெருமுனை வைத்தியம் தீங்கானது.

நான்காம் அல்லது ஐந்தாம் நாள் உடல் தெளிகிறது. பசி எடுக்கிறது, தூக்கம் வருகிறது, கை நிற்கிறது. பல ஆண்டுகளுக்குப் பிறகு சோற்றின் ருசி தெரிவதாக நோயாளிகள் சொல்வதுண்டு. சிகிச்சை உண்மையில் தொடங்க வேண்டிய இந்த நாளில்தான் பெரும்பாலோர் வீட்டுக்குப் போகக் கேட்கிறார்கள். தெளிந்துவிட்டதே, இனி எதற்கு இருக்க வேண்டும் என்று நோயாளி நினைக்கிறார். தறி காத்திருக்கிறது என்று வீட்டார் நினைக்கிறார்கள். படுக்கை வேண்டும் என்று வார்டு நினைக்கிறது. நச்சு நீக்கம் என்று சொல்லப்படும் இந்த முதல் கட்டம் உடலைச் சமநிலைக்குக் கொண்டுவருகிறதே தவிர, சாயங்காலம் ஆறு மணிக்குக் கால் தானாகத் திரும்பும் தெருவை மாற்றுவதில்லை. மீண்டும் குடிப்பது முதல் மூன்று மாதங்களுக்குள்தான் மிகுதியாக நிகழ்கிறது. அந்த மூன்று மாதங்களில் நோயாளியின் மனத்தில் நடப்பதுதான் சிகிச்சையில் தங்குவதன் மையமான செய்தி, மிகக் குறைவாகப் பேசப்படும் செய்தியும் அதுவே.

இங்கேதான் விரதத்தின் இலக்கணம் மருத்துவமனைக்குள் அவரோடு கூட வருகிறது. சபரிமலை மாலையை எடுத்துக்கொண்டால், அது எவ்வளவு வலிமையான ஏற்பாடு என்பதை மறுக்க முடியாது. மாலை போட்ட கணத்திலிருந்து அவருக்குப் பெயர் மாறுகிறது. பெற்ற தாயும் அவரைச் 'சாமி' என்கிறார். உடை மாறுகிறது, படுக்கை மாறுகிறது, காலையும் மாலையும் குளியலும் பூசையும் பொழுதை நிரப்புகின்றன. பஜனைக்குக் கூடும் துணைவர்கள் கிடைக்கிறார்கள். நேற்றுவரை ஊற்றிக்கொடுத்த கூட்டாளியே இன்று 'சாமிகிட்ட கேக்காதடா' என்று மற்றவரை விலக்குகிறார். குடிக்காதவராக வாழ்வதற்கு வேண்டிய புதிய அடையாளம், புதிய பொழுது, புதிய கூட்டம் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் இலவசமாகத் தரும் வேறோர் அமைப்பு இவ்வூரில் இல்லை. ஒரு மண்டலம், அதாவது 48 நாள், குடிக்காமல் இருந்தேன் என்று நோயாளி மருத்துவரிடம் சொல்லும்போது அது மதிக்கத்தக்க சாதனை. அதை 'சாமிக்குப் பயந்து இருந்திருக்கீங்க' என்று தள்ளிவிடும் ஆலோசகர், அந்த மனிதரிடம் இருக்கும் மிகச் சிறந்த சான்றைக் கைநழுவ விடுகிறார்.

விரதத்தின் குறை வேறிடத்தில் இருக்கிறது. அதற்கு முடிவு நாள் உண்டு. மாலை கழற்றிய அன்றே அடையாளமும் பொழுதும் கூட்டமும் ஒருசேரக் கழன்றுவிடுகின்றன. அதைவிடக் கடுமையான குறை, இடையில் ஒருநாள் தவறினால் திரும்பி வருவதற்கு அதில் வழி இல்லை என்பது. விரதம் முழுதாக இருக்கும், அல்லது முறிந்துபோகும். முறிந்தால் அது பாவம், தெய்வக் குற்றம். கற்பூரம் அணைத்துச் செய்த சத்தியத்துக்கும் பிள்ளை தலையில் வைத்த கைக்கும் இதே நியதிதான். அமெரிக்க உளவியலர் ஆலன் மார்லட், 1985இல் ஜூடித் கார்டனுடன் வெளியிட்ட நூலில், முற்றிலும் நிறுத்திவிடுவதாக உறுதிகொண்டவர் ஒருமுறை சறுக்கியதும் 'நான் இவ்வளவுதான்' என்று தன்னையே பழித்துக்கொண்டு, அந்தப் பழிப்பின் சுமையாலேயே மேலும் குடிக்கும் போக்கை விவரித்தார். அங்கே அது தனிமனித மனத்தின் கோளாறாக விளக்கப்பட்டது. சத்தியம் தவறுவதைக் குலத்துக்கே கேடாக எண்ணும் சமூகத்தில் அச்சுமை பல மடங்காகிறது. மூன்றாம் வாரம் ஒரு கல்யாணத்தில் ஒரு டம்ளர் குடித்துவிட்டவர், மறுநாள் புறநோயாளிப் பிரிவுக்கு வர வேண்டிய முறை இருந்தும் வருவதில்லை. மருந்து பிடிக்காமலோ பேருந்துக்குப் பணமில்லாமலோ அவர் நிற்கவில்லை. டாக்டருக்குக் கொடுத்த வாக்கைத் தவறிவிட்டேன், எந்த முகத்தோடு போவது என்றே நிற்கிறார். கோயிலில் கற்ற நாணத்தை அவர் மருத்துவமனையிலும் கடைப்பிடிக்கிறார். 'தொடர் சிகிச்சைக்கு வரவில்லை' என்று பதிவேட்டில் ஏறும் பலருடைய உள்ளக்கிடக்கை இதுதான் என்று கொள்ள இடமிருக்கிறது.

மருத்துவமனை இந்நாணத்தைக் களைவதற்கு மாறாகப் பல நேரம் வளர்க்கிறது. 'மறுபடி குடிச்சிட்டு வந்தா என்கிட்ட வராதே' என்று அக்கறையோடு சொல்லப்படும் ஒரு வாக்கியம் போதும்; நோயாளி அதை அப்படியே கேட்டு நடக்கிறார். சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை கூடினால் சீக்கிரம் வரச் சொல்லும் மருத்துவம், குடிநோயாளிக்கு நோய் கூடினால் வராதே என்று சொல்வதில் உள்ள முரண் சொல்பவருக்கே தெரிவதில்லை.

நம்பிக்கையைக் கெடுக்கும் வேறு இரண்டு நடைமுறைகளும் இம்மாவட்டத்துக்கு மட்டும் உரியவை அல்ல. 'குடிப்பவருக்குத் தெரியாமலே கொடுக்கலாம்' என்று விளம்பரப்படுத்தப்படும் பொடிகளும் மாத்திரைகளும் ஒன்று. டைசல்ஃபிரம் என்ற மருந்து, மதுவை உடல் சிதைக்கும் வழியை இடையில் தடுத்து, அதன்மேல் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் விழும்படி செய்வது. விளைவை அறிந்து ஒப்புக்கொண்டவருக்குத் தந்தால் அது நல்ல துணை, அறியாதவருக்குக் குழம்பில் கலந்து கொடுத்தால் உயிருக்கு ஆபத்து. உண்மை தெரியவரும் நாளில் அந்த மனிதர் வீட்டுச் சோற்றையே சந்தேகிக்கிறார், அதன்பிறகு எந்த மாத்திரையையும் நம்புவதில்லை. இன்னொன்று, விடியற்காலையில் வேனில் வந்து ஆளைத் தூக்கிச்சென்று மாதக்கணக்கில் பூட்டிவைக்கும், உரிமம் இல்லாத மறுவாழ்வு இல்லங்கள். மதுவால் நேரும் மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்த 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தன் விருப்பத்தோடு சேரும் உரிமையையும் தன் சிகிச்சையை அறிந்து ஒப்பும் உரிமையையும் குடிநோயாளிக்கும் தந்திருக்கிறது. இது நோயாளிகளுக்கும் குடும்பங்களுக்கும் அரிதாகவே தெரிகிறது. வழி தெரியாத மனைவியின் கடைசிக் கையிருப்பு அந்த வேன் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இவற்றுக்கு எதிர்த்திசையில் தமிழ்நாட்டில் நீண்ட முன்னோடி முயற்சி ஒன்று இருக்கிறது. குடிநோய்க்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் கிளினிக்கல் ரிசர்ச் ஃபவுண்டேஷன், டி.டி.கே. மருத்துவமனை என்ற பெயரில் அறியப்பட்டு, நோயாளியோடு குடும்பத்தினருக்கும் தனியாகச் சிகிச்சைத் திட்டம் வகுத்தது. அதைவிடக் கவனத்துக்குரியது, 1989இல் தஞ்சைப் பகுதியின் மஞ்சக்குடி கிராமத்தில் அந்நிறுவனம் தொடங்கிய சிகிச்சை முகாம். நகரத்து மருத்துவமனைக்கு நோயாளியை வரவழைக்காமல், சிகிச்சையே ஊருக்குள் வந்து 15 நாள் தங்கியது. யார் சிகிச்சையில் இருக்கிறார் என்பது ஊருக்கே தெரிந்திருந்தது. முகாம் முடிந்த பிறகு மருத்துவக் குழு மீண்டும் அங்கே சென்று நலம் பார்த்தது. மாலை போட்டவரை ஊரே தாங்குவதைப் போன்ற பலத்தை, அதில் உள்ள பாவ பயம் இல்லாமல் தர முயன்ற ஏற்பாடு அது. தறிகள் நெருங்கி நிற்கும் பிள்ளையார்பாளையம் போன்ற தெருக்களுக்கு இந்த அமைப்பு எவ்வளவு பொருந்தும் என்பதைக் கைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்களும் எண்ணிப் பார்க்கலாம். கூலியையும் முன்பணத்தையும் 15 நாள் ஒத்திவைக்கும் முடிவு அவற்றின் கையில் இருக்கிறது.

மதுவிலக்கைப் பற்றிய தமிழக அரசியல் விவாதமும் விரதத்தின் மொழியிலேயே நடந்து வந்திருக்கிறது என்பதை இங்கே சுருக்கமாகக் குறிப்பிட வேண்டும். 1937இல் ராஜாஜி அரசு சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுதும் பரவியது. காஞ்சிபுரத்தில் பிறந்த அண்ணா முதலமைச்சராக இருந்தபோது அதை விடாமல் காத்தார். 1971இல் அது தளர்ந்தது, 1974இல் மீண்டும் வந்தது, 1981இல் மறுபடி தளர்ந்தது, 2003 முதல் சில்லறை விற்பனையையே அரசு டாஸ்மாக் மூலம் ஏற்றுக்கொண்டது, 2023–24இல் அதன் வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. கடை திறப்பதா மூடுவதா என்ற இந்த வழக்கில் நோயாளி ஒரு சாட்சியாகக்கூட அழைக்கப்படவில்லை. 2020 மார்ச் இறுதியில் பொதுமுடக்கத்தால் எல்லாக் கடைகளும் ஒரே நாளில் மூடப்பட்டபோது, மருந்துத் துணையின்றிக் குடி நிறுத்தப்பட்டவர்கள் வலிப்போடும் மனக்குழப்பத்தோடும் மருத்துவமனைகளுக்கு வந்தார்கள்; வார்னிஷையும் வேறு நச்சுகளையும் குடித்து இறந்தவர்களும் உண்டு. கடைகளைக் குறைப்பது அவசியம். அதற்கு முன்பாகவோ அதோடு சேர்ந்தோ படுக்கையும் மருந்தும் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

குடிக்கும் பெண்களைப் பற்றிய அனுபவங்கள் இதைவிட இருட்டில் இருக்கின்றன. ஆணுக்கு மாலை என்ற மதிப்பான வழியாவது திறந்திருக்கிறது. பெண்ணின் குடி வெளியே தெரிந்த கணத்தில் அவர் நடத்தை விசாரிக்கப்படுகிறது, ஆண்கள் நிறைந்த வார்டில் சேர்வது அவருக்கு இன்னொரு தண்டனை. அவர்களுக்குத் தனி இடமும் தனி நேரமும் இல்லாத சிகிச்சைத் திட்டம் பாதித் திட்டமே.

காஞ்சிபுரத்தில் உடனடியாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு, அதற்குப் புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை. கார்த்திகைக்கு முந்தைய வாரங்களில், மாலை போட வருபவர்களில் யார் நாள்தோறும் குடிப்பவர், யாருக்குக் காலையில் கை உதறும் என்பது மாலை அணிவிக்கும் குருசாமிக்கு நன்றாகத் தெரியும். அப்படிப்பட்டவரை விரதத்துக்கு ஒரு வாரம் முன்பே அரசு மருத்துவமனைக்கு அனுப்பி, மருந்தின் துணையோடு உடலைத் தெளியவைத்த பிறகு மாலை போடச் சொன்னால், விரதத்தின் முதல் மூன்று நாட்களில் வலிப்பு வந்து விழும் ஆபத்து பெரிதும் நீங்கும். மலைக்குப் போய்வந்து மாலை கழற்றும் வாரத்தில் அதே நோயாளிக்கு மருத்துவமனையிலிருந்து தொலைபேசியில் அழைப்பு வந்தால், அதில் அவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி எப்போது வந்து பார்க்க முடியும் என்பதே. குடித்தாரா இல்லையா என்பதை வந்தபின் கேட்டுக்கொள்ளலாம், குடித்திருந்தால் அன்றைக்கே வரலாம் என்பதையும் அந்த அழைப்பிலேயே சொல்லிவிடலாம். குருசாமிகளையும் மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரையும் ஐப்பசியில் ஒரு சாயங்காலம் ஒன்றாக உட்கார வைப்பதற்கு மாவட்ட நிர்வாகத்தின் ஒரு கடிதம் போதும்.